கேள்வி கேளுங்க: படிக்கப் போன பிள்ளைக்கு எதுக்கு யூனியன்?

போன இதழ்ல திருமங்கலத்து அம்மா ஒருத்தங்க அனுப்புன கேள்விய இடம் பத்தலன்னு தள்ளி வச்சேன், வச்சது நல்லதாப் போச்சு, அதுக்குள்ள அதே சங்கதியப் பத்தி இன்னும் ஏழெட்டு பேரு கேட்டுட்டாங்க. அமெரிக்க யூனிவர்சிட்டிகள்ல பிஎச்டி படிச்சுக்கிட்டே அங்கேயே வேலையும் பாக்குற பசங்க யூனியன் வச்சிருக்காங்க, அந்த யூனியன் நிர்வாகத்தோட உக்காந்து சம்பள ஒப்பந்தம் பேசுது, பேச்சு முறிஞ்சா ஸ்ட்ரைக்கு. இதான் விஷயம். மதுரை சுத்துவட்டாரத்துல இப்ப தெருவுக்கு ஒரு பிள்ளையாவது அங்கிட்டு இருக்கு, அதான் இம்புட்டு கவலை. ஒரு மில்லுல 22 வருஷம் டைம் ஆபீஸ் கிளார்க்கா இருந்து, யூனியன் கமிட்டியில ரெண்டு தடவ உக்காந்து, லேபர் ஆபீஸ் பெஞ்சைத் தேய்ச்சவன்ங்கிற தைரியத்துல பதில் சொல்றேன், கூடவே என் தங்கச்சி மகன் அங்க பிஎச்டி பண்ணப்ப நடுராத்திரி போன்ல சொன்ன கதையெல்லாம் இருக்கு. பென்ஷன் அரியர்ஸ் கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த இதழ்.

அய்யா வணக்கம். என் மக அமெரிக்காவுல ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டியில கெமிஸ்ட்ரி பிஎச்டி, மூணாவது வருஷம். டிகிரி பசங்களுக்கு லேப் எடுக்குறா, அதுக்கு மாசாமாசம் பணம் தர்றாங்க. இப்ப ஒப்பந்தப் பேச்சு இழுத்துக்கிட்டே போகுதாம், ஒத்து வரலன்னா ஸ்ட்ரைக்குங்கிறா. அவங்க அப்பா ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. விசாவைப் புடுங்கிட்டு அனுப்பிட்டா என்ன பண்றது? சேராதன்னு சொல்லிடவா?
*ஒரு அம்மா, திருமங்கலம்*

தங்கச்சி, மொதல்ல வீட்டுக்காரரைச் சாப்பிடச் சொல்லுங்க. ஸ்ட்ரைக்குன்னு பேச்சு அடிபடுறதுக்கும் நிஜமா கேட்டுக்கு வெளிய நிக்கிறதுக்கும் நடுவுல நிறைய தூரம் கெடக்கு, கெடு முடியிற அன்னைக்கு விடிகாலையில கையெழுத்தான ஒப்பந்தமும் உண்டு.

உங்க மக அங்க ஒரே உடம்புல ரெண்டு ஆளு. காலையில மாணவி, மத்தியானம் ஊழியர். வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் லேப் எடுக்கணும், டியூட்டோரியல் நடத்தணும், பேப்பர் திருத்தி மார்க் போடணும், அதுக்கு மாசச் சம்பளம், அதை ஸ்டைபெண்டும்பாங்க, அதோட டியூஷன் ஃபீஸ் தள்ளுபடி, ஹெல்த் இன்சூரன்ஸ். பெரிய ஸ்டேட் யூனிவர்சிட்டியில ப்ரொஃபசர் முன்னூறு பேருக்கு மைக்ல லெக்சர் எடுத்துட்டுப் போயிடுவாரு, அந்த முன்னூறு பேர் பேப்பரையும் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போறது உங்க மக மாதிரி பிள்ளைங்கதான். அதனாலதான் அவங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா நிர்வாகத்துக்கு வலிக்குது. 2022 நவம்பர் 14-ஆம் தேதி கலிஃபோர்னியா யூனிவர்சிட்டியில சுமார் 48,000 பேர் இறங்குனாங்க, பத்து கேம்பஸ்லயும், பரீட்சை நேரம் வேற, மார்க் போட ஆள் இல்ல. ஆறு வாரம் கிட்ட ஓடுச்சு. முடிவுல, அரைநேர வேலைக்கு வருஷத்துக்குக் குறைஞ்சபட்சம் 23,000 டாலர் சொச்சமா இருந்தது 2024 அக்டோபருக்குள்ள 34,000 டாலர் ஆகணும்னு ஒப்பந்தம் ஆச்சு. ஊதாரிச் செலவுக்குக் கேட்டதுன்னு நினைச்சுக்காதீங்க, அந்த ஊர்ல வீட்டு வாடகை கொடுத்துட்டு மிச்சத்துல பருப்பு வாங்கணும்ல.

சரி, விசா. உங்க மக மாதிரி படிக்கப் போறவங்களுக்குக் கொடுக்குற எஃப் 1 விசா நிக்கிறது வேலை மேல இல்ல, படிப்பு மேல. ஃபுல்டைமா ரெஜிஸ்டர் பண்ணிப் படிச்சுக்கிட்டு இருக்கணும், கேம்பஸ் வேலை செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணிக்குள்ள இருக்கணும். வெளிநாட்டுப் பிள்ளைங்களும் யூனியன்ல சேரலாம், சட்டப்படி நடக்குற ஸ்ட்ரைக்குல கலந்துக்கிட்டதுக்காக மட்டும் அந்த விசா ஸ்டேட்டஸ் போகாது.

ஆனா உங்ககிட்ட மூடி மறைக்க மாட்டேன், ஒரு சுத்து வழி இருக்கு. 2023 ஜனவரி கடைசியில ஃபிலடெல்ஃபியாவுல டெம்பிள் யூனிவர்சிட்டி பசங்க ஸ்ட்ரைக் பண்ணப்ப நிர்வாகம் ஸ்ட்ரைக்குல இருந்தவங்களோட ஃபீஸ் தள்ளுபடியை நிறுத்திருச்சு, ஹெல்த் இன்சூரன்ஸையும் நிறுத்திருச்சு. இப்ப நீங்களே யோசிங்க, தள்ளுபடி போனா முழு ஃபீஸ் கட்டச் சொல்லி பில் வரும், கட்டலன்னா ரெஜிஸ்ட்ரேஷன்ல கை வைக்கலாம், ரெஜிஸ்ட்ரேஷன் போனா விசா ஆட்டம் காணும். சம்பளத்தை மட்டும் வெட்டுறது வேற, இது வேற. அந்த ஊர்ல நடுவுல ஒரு சமரச ஒப்பந்தம் வந்துச்சு, அதை உறுப்பினருங்க 90 சதவீதத்துக்கு மேல எதிர்த்து ஓட்டுப் போட்டுக் கவுத்துட்டாங்க, அப்புறம் மார்ச்சுல நல்ல ஒப்பந்தமாப் போட்டு, புடுங்குனதையும் திரும்ப வாங்கிட்டாங்க. ஆனா நடுவுல அந்த ஆறு வாரம் அந்தப் பிள்ளைங்களோட அம்மாமாருக்கு எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும்.

அதனால சேராதன்னு சொல்லாதீங்க, கேள்வி கேளுங்க. உங்க ஸ்டேட்ல யூனிவர்சிட்டி ஊழியர் ஸ்ட்ரைக் பண்றது சட்டப்படி சரியா (ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், மிச்சிகன்ல அரசு ஊழியர் ஸ்ட்ரைக்குக்குத் தடை, கலிஃபோர்னியாவுல உரிமை உண்டு), பழைய ஒப்பந்தம் இன்னும் நடப்புல இருக்கா இல்ல காலாவதி ஆயிருச்சா, நிர்வாகம் ஃபீஸ் தள்ளுபடியில கை வச்சா யூனியன்கிட்ட என்ன பதில் இருக்கு, வெளிநாட்டு மாணவருக்குன்னு வக்கீல் வச்சிருக்காங்களா. இந்த நாலுக்கும் யூனியன்காரங்க பட்டுப்பட்டுன்னு பதில் சொன்னா அது பொறுப்பான யூனியன். மழுப்புனா கொஞ்சம் தள்ளியே நிக்கச் சொல்லுங்க. ஊர்வலத்துல போலீஸ் கையில மாட்டுற மாதிரி எதுலயும் போகக் கூடாது, அது ஸ்ட்ரைக் கணக்குல வராது, வேற கேஸு. 2025 மார்ச், ஏப்ரல்ல வெளிநாட்டு மாணவங்களோட விசா ஸ்டேட்டஸ் ரெக்கார்டைக் கூட்டமா ரத்து பண்ணிட்டு, கோர்ட்டுக்குப் போனப்புறம் திரும்பக் கொடுத்த கதையெல்லாம் நடந்திருக்கு, அதனால இந்த விஷயத்துல பயம்னா கேவலம் இல்ல.

தோழர், யுஏடபிள்யூ-ன்னா கார் கம்பெனித் தொழிலாளர் சங்கம்ல? அதுல எப்படி காலேஜ் பசங்க? நம்ம 12(3) மாதிரி அங்க ஏதாவது உண்டா, இல்ல சும்மா கோஷம்தானா?
*ரிட்டயர்டு மில் தொழிலாளி, ஆரப்பாளையம்*

ஆரப்பாளையத்துல இருந்து கேள்வின்னாலே எனக்கு மில் சங்கு சத்தம் கேக்குது தோழர்.

ஆரம்பம் விஸ்கான்சின். மேடிசன் ஊர்ல 1966-ல டீச்சிங் அசிஸ்டன்ட்டுங்க சங்கம் வச்சாங்க, நம்ம காமராசர் யூனிவர்சிட்டி பிறந்ததும் அதே வருஷம்தான், அப்ப வெறும் மதுரை யூனிவர்சிட்டி. 1970-ல 24 நாள் ஸ்ட்ரைக் இருந்து அந்த நாட்டுலேயே முதல் ஒப்பந்தத்தை வாங்குனாங்க. வேடிக்கை என்னன்னா அதே விஸ்கான்சின்ல 2011-ல ஆக்ட் 10-ன்னு ஒரு சட்டம் போட்டு அரசு ஊழியர் பேரம் பேசுற உரிமையைச் சப்பையாக்கிட்டாங்க. கையெழுத்து வாங்குனாப் போதாது, காப்பாத்தவும் ஆள் வேணும்.

அது அரசு யூனிவர்சிட்டி கதை. தனியார் யூனிவர்சிட்டின்னா தேசிய தொழிலாளர் உறவு வாரியம்னு ஒண்ணு இருக்கு, அதுதான் யாரு தொழிலாளின்னு சொல்லணும். பிஎச்டி பையன் தொழிலாளியான்னு கேட்டா, 2000-ல நியூயார்க் யூனிவர்சிட்டி கேஸுல ஆமான்னுச்சு, 2004-ல பிரௌன் யூனிவர்சிட்டி கேஸுல இல்லன்னுச்சு, 2016-ல கொலம்பியா கேஸுல மறுபடி ஆமான்னுச்சு. வாரியத்து ஆளுங்களை நியமிக்கிறது பிரசிடென்ட்டு, ஆட்சி மாறுனா ஆளு மாறும், ஆளு மாறுனா பையன் தொழிலாளியா மாணவனாங்கிறதும் மாறும். நியூயார்க்ல 2002-ல முதல் ஒப்பந்தம் போட்டாங்க, அது 2005-ல முடிஞ்சதும் நிர்வாகம் இனி உங்களோட பேச மாட்டோம்னு கையை உதறிருச்சு, திரும்ப அங்கீகாரம் கொடுக்க 2013 ஆச்சு.

யுஏடபிள்யூ 1935-ல டெட்ராய்ட்ல ஆரம்பிச்ச சங்கம். கார் ஃபேக்டரி ஆளு குறையக் குறைய, பேரம் பேசத் தெரிஞ்ச ஆளுங்க, வக்கீலு, ஸ்ட்ரைக் ஃபண்டு எல்லாம் அவங்ககிட்ட இருந்துச்சு, ஆளு மட்டும் தேவைப்பட்டுச்சு. பசங்ககிட்ட ஆளு இருந்துச்சு, மத்தது எதுவும் இல்ல. பொருத்தம் அமோகம். இப்ப அந்தச் சங்கத்துல கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் யூனிவர்சிட்டி ஆளுங்க. எம்ஐடி பசங்க எலெக்ட்ரிக்கல் தொழிலாளர் சங்கத்துல இருக்காங்க, மிச்சிகன் பசங்க ஆசிரியர் சங்கத்துல.

12(3) கேட்டீங்க. நம்ம தொழிற்தகராறு சட்டத்துல, ஒப்பந்தத்தைச் சமரச அதிகாரி முன்னாடி போட்டா 12(3), அது சங்கத்துல இல்லாதவன், நாளைக்கு வேலைக்குச் சேரப்போறவன் எல்லாரையும் கட்டுப்படுத்தும். அதிகாரி இல்லாம ரெண்டு தரப்பும் தனியாப் போட்டா 18(1), கையெழுத்துப் போட்டவனை மட்டும்தான் கட்டும். (2025 நவம்பர் 21-ல இருந்து புது லேபர் கோடு வந்து நம்பரெல்லாம் மாறிப்போச்சு, ஆனா நம்ம வாயில 12(3)தான் வரும்.) அங்க அந்தக் குழப்பமே கிடையாது. ஒரு யூனிட்டுக்கு ஒரே சங்கம், ஓட்டெடுப்புல மெஜாரிட்டி வாங்குன சங்கம், அது போடுற ஒப்பந்தம் சந்தா கட்டாதவனுக்கும் சேத்துத்தான். நம்மூர் மாதிரி கேட்டுக்கு வெளிய ஏழு கொடி பறக்காது, ஒருத்தன் பேசிட்டு வந்ததை இன்னொருத்தன் மைக் போட்டுத் துரோகம்னு திட்ட மாட்டான். அதுல எனக்குக் கொஞ்சம் பொறாமையே உண்டு.

பேச்சு நடக்குற விதம் உங்களுக்குப் புரியும். மொதல்ல ரெண்டு தரப்பும் கோரிக்கைப் பட்டியல் கொடுக்கணும், ஷரத்து ஷரத்தா உக்காந்து பேசணும், ஒத்துக்கிட்ட ஷரத்துல ரெண்டு பேரும் இனிஷியல் போட்டு ஓரமா வைக்கணும், பணம் கடைசியில. நம்ம ஆளுங்க மாதிரி மேடையில சதவீதத்தை மட்டும் கத்த மாட்டாங்க, வாரம் 20 மணிக்கு மேல வேலை வாங்குனா யார்கிட்ட புகார் கொடுக்கணும், எத்தனை நாளுக்குள்ள பதில் வரணும், பதில் சரியில்லன்னா வெளிய இருந்து நடுவர் வந்து தீர்ப்புச் சொல்லணும்னு ஒரு ஷரத்து இருக்கும் பாருங்க, அதுக்குத்தான் மாசக்கணக்கா மல்லுக்கட்டு. கைடு தப்பா நடந்துக்கிட்டா அந்தப் புகாரை யூனிவர்சிட்டியே விசாரிச்சு யூனிவர்சிட்டியே தீர்ப்பு சொல்றதா, இல்ல வெளி நடுவரான்னு கேட்டு கொலம்பியா பசங்க 2021 நவம்பர்ல இருந்து பத்து வாரம் ஸ்ட்ரைக் இருந்தாங்க, சம்பளமும் இருந்துச்சு, ஆனா இது பெரிய முள்ளு.

பேரத்துல இறங்குறதும் நம்ம கீழமாசி வீதி மாதிரிதான். மிச்சிகன்ல 2023-ல 60 சதவீத உயர்வு கேட்டாங்க, 24,000 டாலர் சுமாரை 38,500 ஆக்குங்கன்னு. மார்ச் 29-ல ஆரம்பிச்சு அஞ்சு மாசம். நிர்வாகம் தடை உத்தரவு கேட்டுக் கோர்ட்டுக்குப் போச்சு, ஜட்ஜ் தரல. கடைசியில ஆன் ஆர்பர் கேம்பஸுக்கு மூணு வருஷத்துக்கு 8, 6, 6. அதாவது 20. கேட்டதுல மூணுல ஒரு பங்கு, நம்ம மில்லுல அதைவிடக் கம்மிக்கெல்லாம் மாலை போட்டிருக்கோம்.

ஒரு வேடிக்கை சொல்றேன். அங்க டீச்சிங் அசிஸ்டன்ட்டையும் டிஏ-ம்பாங்க, உறுப்பினர் ஓட்டுக்கு விடுறதுக்கு முன்னாடி போடுற தற்காலிக ஒப்பந்தத்தையும் டிஏ-ம்பாங்க. நம்மளுக்கு டிஏ-ன்னா பஞ்சப்படி. அந்தப் பஞ்சப்படிதான் அவங்ககிட்ட இல்ல. சான்டா குரூஸ் கேம்பஸ்ல 2019 டிசம்பர்ல பசங்க மாசம் 1,412 டாலர் பஞ்சப்படி மாதிரி கொடுங்கன்னு மார்க்கைப் போடாம வச்சுக்கிட்டாங்க, அப்ப ஒப்பந்தம் நடப்புல இருந்துச்சு, அதுல ஸ்ட்ரைக் பண்ண மாட்டோம்னு ஷரத்து, யூனியன் அனுமதியும் கிடையாது. 50 பேருக்கு மேல வேலை போச்சு, மாசக்கணக்கா அல்லாடித்தான் திரும்பி வந்தாங்க. மேல திருமங்கலத்து அம்மாகிட்ட பழைய ஒப்பந்தம் நடப்புல இருக்கான்னு கேக்கச் சொன்னேன்ல, அது இதுக்காகத்தான்.

படிக்கப் போன இடத்துல படிச்சோமா வந்தோமான்னு இல்லாம கொடி புடிக்கிறது திமிர்தானே சார்? ஓசியில படிக்க வச்சதுக்கு நன்றி வேணாம்?
*ஒரு தகப்பன், உசிலம்பட்டி*

உங்க வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைக்க வந்த மாஸ்டர் உங்க பந்தியிலேயே உக்காந்து சாப்பிட்டாருன்னு கூலியில கழிப்பீங்களா?

சார், ஆகஸ்ட்ல கிளம்புறேன், பிஎச்டி ஆஃபர் வந்திருக்கு. "50 சதவீத அப்பாயின்ட்மென்ட்"னு போட்டிருக்கு, எங்க மாமா பாதிச் சம்பளம்தான் தருவாங்கன்னு பயமுறுத்துறாரு. ஆஃபர் லெட்டர்ல எதைப் பாக்கணும்?
*மேலூர் பையன்*

மாமாவை ஒண்ணும் சொல்லாத தம்பி, எனக்கும் மொதல்ல அப்படித்தான் புரிஞ்சுச்சு. 50 சதவீதம்னா முழுநேர வேலைங்கிற 40 மணியில பாதி, அதாவது வாரம் 20 மணி. லெட்டர்ல போட்டிருக்கிற தொகைதான் சம்பளம், அதுல பாதி இல்ல.

பாக்க வேண்டியது வேற. அந்தத் தொகை 9 மாசத்துக்கா 12 மாசத்துக்கான்னு பாரு, இதுலதான் நம்ம பசங்க நிறைய பேர் வழுக்கி விழுறாங்க, மே மாசம் செமஸ்டர் முடிஞ்சா ஆகஸ்ட் வரைக்கும் பைசா வராது, வாடகை மட்டும் வரும். என் தங்கச்சி மகன் முதல் வருஷம் அப்படித்தான் மூணு மாசம் ரூம்ல நாலு பேரா படுத்துக்கிட்டு, ஊர்ல இருந்து கொண்டு போன புளிக்காய்ச்சலை ஸ்பூன் கணக்குல எடுத்துச் சாப்பிட்டான். அப்புறம் டியூஷன் ஃபீஸ் தள்ளுபடின்னா எல்லா ஃபீஸும் இல்ல, ஸ்டூடன்ட் ஃபீஸ், வெளிநாட்டு மாணவர் ஃபீஸ்னு செமஸ்டருக்கு ஒரு பில் தனியா வரலாம், அதை யார் கட்டணும்னு எழுதிக் கேளு. ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்துல உன் பங்கு எவ்வளவு. எத்தனை வருஷத்துக்கு உறுதி.

அங்க யூனியன் இருக்கான்னும் பாரு, இருந்தா ஒப்பந்தம் முழுசா நெட்ல கிடைக்கும், குறைஞ்சபட்ச சம்பளம், லீவு, புகார் கொடுக்கிற முறை எல்லாம் அதுல இருக்கும், ஆஃபர் லெட்டர்ல இல்லாததும் அதுல இருக்கும். டெக்ஸஸ், நார்த் கரோலினா மாதிரி ஸ்டேட்ல அரசு யூனிவர்சிட்டி ஊழியருக்குக் கூட்டுப் பேர உரிமையே சட்டத்துல கிடையாது, அங்க போனா லெட்டர்தான் உனக்கு எல்லாம், அதனால இன்னும் கவனமாப் படி. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, நம்ம ஊர் கூச்சத்தை ஏர்போர்ட்லேயே விட்டுட்டுப் போ. புளிக்காய்ச்சல் மட்டும் ரெண்டு பாட்டில் எடுத்துக்க.

அண்ணே, அமெரிக்காக் கதை நல்லா இருக்கு. நான் இங்க ஒரு யூனிவர்சிட்டியில ஃபுல்டைம் பிஎச்டி, ஃபெலோஷிப் எதுவும் இல்ல. வாரத்துக்கு எட்டு கிளாஸ் எடுக்குறேன், பரீட்சை ஹால் டூட்டி, காலேஜுக்கு கிரேடு போடுற நாக் கமிட்டி வந்தா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஃபைல் வேலை. சம்பளம் பூஜ்யம். நாங்க யூனியன் வைக்க முடியாதா?
*பேர் வேணாம், நாகமலை புதுக்கோட்டை பக்கம்*

தம்பி, எனக்கு வந்ததுலயே கனமான லெட்டர் உன்னோடது.

சட்டத்துல இருந்து வர்றேன். 1978-ல பெங்களூர் குடிநீர் வாரியக் கேஸுல சுப்ரீம் கோர்ட்டு ஏழு ஜட்ஜு உக்காந்து, கல்வி நிலையமும் தொழிற்துறைதான்னு சொல்லிருச்சு. ஆஹான்னு சந்தோஷப்படுறதுக்குள்ள 1988-ல சுந்தராம்பாள் கேஸு, கோவாவுல ஒரு ஸ்கூல் டீச்சரம்மா, அதுல அதே கோர்ட்டு சொல்லுச்சு, ஸ்கூல் தொழிற்துறைதான், ஆனா டீச்சர் தொழிலாளி இல்ல, பாடம் சொல்லிக் கொடுக்கிறது உன்னதமான பணின்னு. கட்டடம் ஃபேக்டரி, உள்ள நிக்கிறவன் மட்டும் தொழிலாளி இல்ல. டீச்சருக்கே இந்த நிலைமைன்னா டீச்சர் ஆகப்போற உனக்கு என்ன? சங்கம் வைக்கிறதை யாரும் தடுக்க முடியாது, மூட்டா மாதிரி ஆசிரியர் சங்கமெல்லாம் இங்க பல வருஷமா இருக்கு, ஆனா ஒப்பந்தம் பேச எதிர்ல உக்காருன்னு நிர்வாகத்தை லேபர் ஆபீசுக்கு இழுக்கிற கயிறு உன் கையில இல்ல.

அதைவிடப் பெரிய சிக்கல், எதிர்ல யார் உக்காருவாங்கன்னே தெரியாது. அங்க வேலை வாங்குறதும் சம்பளம் கொடுக்குறதும் ஒரே யூனிவர்சிட்டி. இங்க வேலை வாங்குறது டிபார்ட்மென்ட்டு, கையெழுத்துப் போடுறது கைடு, ஃபெலோஷிப் இருந்தா பணம் டெல்லியில யுஜிசியோ சிஎஸ்ஐஆரோ. யாரைக் கேட்டாலும் அடுத்த ஆளைக் கை காட்டுவாங்க. நெட் பரீட்சை எழுதி வாங்குற ஜேஆர்எஃப் மாச உதவித்தொகையைப் பாரு, 2010-ல 16,000 ரூபாய், 2014-ல 25,000, 2019-ல 31,000, 2023-ல 37,000. ஒவ்வொரு தடவையும் பசங்க தெருவுல நிக்கணும், டெல்லி மனசு வைக்கணும், நாலஞ்சு வருஷம் ஆகணும். 2018-ல 80 சதவீதம் கேட்டு இறங்குனாங்க, கிடைச்சது 24. நான் சதவீதத்தைக் குறை சொல்லல, மிச்சிகன்லயும் கேட்டதுல மூணுல ஒரு பங்குதான் வந்துச்சு. ஆனா அவங்க 8, 6, 6-ன்னு அடுத்தடுத்த வருஷக் கணக்கைக் கையெழுத்துப் போட்ட பேப்பர்ல வச்சிருக்காங்க, வரலன்னா எங்க போய்க் கேக்கணும்னும் அதுல எழுதியிருக்கு. நம்ம பிள்ளைங்ககிட்ட இருக்கிறது ஒரு சர்க்குலர்.

மத்திய யூனிவர்சிட்டியில நெட் இல்லாத பிஎச்டி மாணவருக்கு மாசம் 8,000 ரூபாய்னு ஒண்ணு இருக்கு, அதை நிறுத்தப் பாத்தப்பதான் 2015 அக்டோபர்ல டெல்லி யுஜிசி ஆபீஸ் வாசல்ல பசங்க படுத்துக் கிடந்தாங்க. உனக்கு அதுவும் இல்ல. பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கிற கௌரவ விரிவுரையாளரைக் கேட்டுப் பாரு, யுஜிசி 2019-ல கிளாஸுக்கு 1,500, மாசம் 50,000 வரைக்கும்னு எழுதி வச்சது, அது கைக்கு வரல்லன்னு அவரு ஒரு பாட்டம் அழுவாரு.

உன் கையில என்ன இருக்குன்னு பாப்போம். யுஜிசியோட 2022 பிஎச்டி விதியில, ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4-ல இருந்து 6 மணி நேரம் வரைக்கும் டியூட்டோரியல், லேப், பேப்பர் திருத்துற மாதிரி உதவி வேலை கொடுக்கலாம்னு ஒரு வரி இருக்கு. கூலி பத்தி அந்த வரி வாயைத் தொறக்கல, ஆனா மணிக்கணக்கு இருக்குல்ல, அதைப் பிடி. உன் எட்டு கிளாஸே அதைத் தாண்டிருச்சு, ஹால் டூட்டி, நாக் ஃபைல் எல்லாம் மேல. ஒரு சின்ன டைரி போடு, தேதி, எந்த கிளாஸ், எத்தனை மணி, யார் சொன்னாங்க. மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தவன் சொல்றேன், ஓவர்டைம் கேஸுல ஜெயிச்சதெல்லாம் சத்தம் போட்டவன் இல்ல, நோட்டு வச்சிருந்தவன். கிளாஸ் எடுக்கச் சொல்றவங்ககிட்ட ஆர்டரா எழுதிக் கொடுங்க சார், சர்வீஸ் சர்ட்டிபிகேட்டுக்கு உதவும்னு பணிவாக் கேளு, எழுதிக் கொடுத்தா ஆதாரம், கொடுக்கலன்னா அடுத்த தடவை கேக்க அவங்களுக்கே கூசும். தனியாப் போகாத, உன் டிபார்ட்மென்ட்ல உன்னை மாதிரி இன்னும் எத்தனை பேர்னு எண்ணிப் பாரு, எல்லா நோட்டையும் சேத்து ரிஜிஸ்ட்ராருக்கு ஒரே மனுவாக் கொடுங்க. கைடு மூஞ்சைக் காட்டுவாரேன்னு பயம் இருக்கும், அது நியாயமான பயம், தீசிஸ் அவர் கையில இருக்கு. அதனாலதான் ஒரு கையெழுத்தா இல்லாம இருபது கையெழுத்தா போகணும்ங்கிறேன்.

திண்டுக்கல் வாசகி: ஸ்ட்ரைக் நாள்ல சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?

யூனியன் ஸ்ட்ரைக் ஃபண்டுல இருந்து வரும். 2022 கலிஃபோர்னியா ஸ்ட்ரைக்குல வாரத்துக்கு 400 டாலர், மறியல்ல வந்து நின்னு பேர் கொடுக்கணும், சும்மா வீட்டுல படுத்திருந்தா கிடையாது. அப்புறம் அதை 500 ஆக்கிட்டாங்க. எங்க மில் ஸ்ட்ரைக்குல ஃபண்டுன்னா தெருமுனை மளிகைக்கடைக்காரரோட கடன் நோட்டுதான், சில பேர் அந்தக் கடனை அடைக்க ஒப்பந்தத்துல கிடைச்ச அரியர்ஸ் மொத்தமும் போச்சு.

நான் 31 வருஷம் பேராசிரியரா இருந்தவன். ஆசிரியர், மாணவர் உறவுக்குள்ள ஒப்பந்தமும் ஷரத்தும் நுழைஞ்சா ஆராய்ச்சி நடக்குமா? பணத்துக்கு எங்க போவாங்க?
*ஓய்வு பெற்ற பேராசிரியர், எல்லீஸ் நகர்*

அய்யா, ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல வர்றேன், ஏன்னா அதுல நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. பாஸ்டன் யூனிவர்சிட்டியில 2024-ல ஏழு மாசம் ஸ்ட்ரைக், முடிவுல 12 மாசத்துக்குக் குறைஞ்சபட்சம் 45,000 டாலர் ஆச்சு. அடுத்த மாசமே இலக்கியம், வரலாறு, சமூகவியல்னு ஒரு டஜன் துறையில வர்ற வருஷத்துக்குப் புது பிஎச்டி அட்மிஷன் கிடையாதுன்னு நிறுத்திட்டாங்க, ஒப்பந்தச் செலவையும் ஒரு காரணமாச் சொன்னாங்க. உள்ள இருக்கிறவனுக்கு ஒழுங்கான சம்பளம், வாசல்ல நிக்கிறவனுக்குக் கதவு சாத்தல். யூனியன்காரங்க இதை மிரட்டல்ம்பாங்க, டீன் கணக்கும்பாரு. ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைன்னு எனக்குத் தோணுது.

உறவு பத்தி, உங்களை மாதிரி நல்ல ஆசிரியருக்கு ஷரத்து தேவையே இல்ல, ஒத்துக்குறேன். ஆனா உங்க பக்கத்து ரூம்காரர் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க ஸ்காலர் பையனை பைக்குல ஊர் ஊரா அனுப்புனதை நீங்க பாத்ததே இல்லையா? அவன் யார்கிட்ட போய்ச் சொல்வான், உங்ககிட்ட சொன்னானா?

என் மகன் ஸ்ட்ரைக்குல சேரல, போய் லேப் எடுத்துட்டு வந்தானாம். ரூம்ல கூட இருக்கிற தமிழ்ப் பசங்க ரெண்டு பேரும் பேசுறதில்லையாம், சமையலும் தனித்தனி. இங்க இருந்து நான் என்ன சொல்ல?
*ஒரு அம்மா, செல்லூர்*

அம்மா, நம்ம பாஷையில இதுக்குக் கருங்காலின்னு ஒரு வார்த்தை இருக்கு, அதை அவங்க உங்க மகன் மூஞ்சிக்கு நேரா சொல்லாம சமையலை மட்டும் பிரிச்சது வரைக்கும் மரியாதைதான். அவன் பயத்துல போனானா, இல்ல ஸ்ட்ரைக்கே தப்புன்னு நினைச்சுப் போனானான்னு மொதல்ல கேளுங்க. பயம்னா அதை அந்தப் பசங்ககிட்டயே சொல்லச் சொல்லுங்க, வீட்டுக்கடன் இருக்கு, விசா பயம் இருக்குன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க, அவங்களுக்கும் அதே கடன்தான். ஒப்பந்தம் ஆச்சுன்னா அந்தச் சம்பள உயர்வு உங்க மகனுக்கும் வரும், வேணாம்னாலும் வரும், அதுதான் அங்க இருக்கிற முறைன்னு மேலயே சொன்னேன். அன்னைக்கு ராத்திரி அவனையே மூணு பேருக்கும் சேத்துச் சமைக்கச் சொல்லுங்க. நல்லா காரமா, கறிக்குழம்பு.